மண்ணச்சநல்லூர் அம்மாவின் கால்

ஊரில் வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், கை வைத்தால் தீர்த்துவிடும் சாமிகளும் இருக்கிறார்கள். இந்த மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியும். இவர்களுக்கு நடுவில், தனக்கு வியாதியும் இல்லாமல், வைத்தியமும் தெரியாமல், காலணா ஆதாயமும் இல்லாமல் அல்லும் பகலும் உழைக்கிற நாலாவது ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் சாட்சிக்காரர். அவர் மட்டும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தால், மலைமேல் உட்கார்ந்திருக்கிற சாமி ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சாட்சிக்காரரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். பஸ்ஸில் ஏறி லேசாக இருமினால் போதும். முன்சீட்டில் ஒரு தலை திரும்பும். "எத்தனை நாளா?" என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்வதற்குள், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இப்படித்தாங்க இருமல்ல ஆரம்பிச்சுது" என்று தொடங்கி, அந்த ஒருத்தரை ஐ.சி.யூ. வரைக்கும் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, சொந்தக்காரர்களை வரவழைத்து அழவைத்து, பிறகு ஒரு சாமியிடமோ தர்காவிலோ ஜெபக்கூட்டத்திலோ இறக்கிவிட்டு, எழுப்பி நடக்கவைத்து, உங்கள் ஸ்டாப் வருவதற்குள் அவருக்குக் கல்யாணமும் செய்துவைத்துவிடும். நீங்கள் இருமியது ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகிற ஒன்றாம் நம்பர் பஸ் என்றால், அது பெரும்பாலும் ரெங்கராஜின் தலையாகத்தான் இருக்கும்.

ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை? செய்து வருகிற சாமான் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பரிசோதிக்கிற வேலை. ஒரு போல்ட்டை அவரிடம் கொண்டுபோய், "சார், நல்லா இருக்குன்னு நாலு பேர் சொல்றாங்க" என்றால் பாஸ் பண்ணிவிடுவாரா? கேஜை வைத்து அளப்பார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மயிரிழை முன்னே பின்னே இருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். "அளந்து பார்க்காம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்று மேலதிகாரியிடமே கேட்டவர். அதே மனிதர் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும், பச்சைமலையில் ஒரு சாமி வெறுங்கையால் நீவிவிட்டே கட்டியைக் கரைக்கிறார் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே நின்றபடி பாஸ் பண்ணிவிடுவார். போல்ட்டுக்கு ஒரு சட்டம், மனுஷ உடம்புக்கு ஒரு சட்டம். இதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

சாட்சி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது, சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. முதலில், "நான் ஒண்ணும் மூடநம்பிக்கை பிடிச்சவன் இல்லைங்க, ஒர்க் ஷாப்ல இருந்தவன்" என்று சொல்ல வேண்டும். அடுத்தது, "நானே முதல்ல நம்பலை." அப்புறம் ஊர்ப் பெயர். ஊர் இருக்கும், தெரு இருக்காது. வியாதிக்காரர் எப்போதும் "ஒரு அம்மா" அல்லது "ஒரு பெரிய அதிகாரி." கடைசியில், எல்லாம் கூடிவருகிற நேரத்தில், டாக்டர் வருவார். ரெங்கராஜ் குரலைத் தாழ்த்தி, விரலை உயர்த்தி, "டாக்டரே அசந்துட்டார்!" என்பார்.

இந்த டாக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரெங்கராஜ் சொல்லும் எல்லாக் கதையிலும் இவர் வருகிறார். முதலில் கையை விரிப்பார். ஒரு மண்டலம் கழித்து ஸ்கேனைப் பார்ப்பார். நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அசந்துபோவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அசந்தவர் இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தாரா, முதலில் எடுத்த டெஸ்ட்டாவது சரிதானா, அந்த வியாதி தானாகவே அடங்குகிற வியாதியா, அந்த அம்மா மாத்திரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாளா, எதுவும் தெரியாது. பெயரும் கிடையாது. ரெங்கராஜின் மனைவி கலைமதி ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, "ஏங்க, திருச்சி முழுக்க டாக்டருங்க இருக்காங்க, இந்த அசந்துபோற டாக்டர் மட்டும் எந்தத் தெருவுல இருக்காரு?" என்று கேட்டாள். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா மனுஷன் வாழ முடியுமா?" என்றார் ரெங்கராஜ். "நான் டாக்டர் வீட்டைத்தானே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் தணித்தாள்.

அவரிடம் ஒரு பெரிய குணமும் உண்டு, மறைக்கக் கூடாது. மத பேதமே பார்க்க மாட்டார். இந்துவாக இருந்தால் தர்காவுக்கு அனுப்புவார், முஸ்லிமாக இருந்தால் ஜெபக்கூட்டத்துக்கு அனுப்புவார், கிறிஸ்தவராக இருந்தால் பச்சைமலைக்கு. அடுத்த வீட்டுக் குழம்புக்குத்தான் ருசி அதிகம் என்பதுபோல, அடுத்த மதத்து அற்புதத்தில்தான் வீரியம் ஜாஸ்தி என்பது அவர் அபிப்பிராயம். அவரவர் கோயிலைப் பற்றி அவரவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும், இல்லையா?

குணமாகாதவர்கள் கதை என்ன ஆகிறது என்று கேட்கிறீர்கள். கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார். பிழைத்தால், சாமி கை வைத்தது. பிழைக்காவிட்டால், முழு நம்பிக்கையோடு போகவில்லை. நம்பிக்கையோடுதான் போனார் என்று வீட்டார் சாதித்தால், நடுவில் மீன் சாப்பிட்டிருப்பார். மீனே தொடாதவர் என்றால், "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று துக்க வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மெய்யான வருத்தத்தோடு சொல்லுவார். சாமிக்கு ஒருபோதும் தோல்வி கிடையாது. போல்ட் சரியில்லை என்றால் அளக்கிறவன் கேஜைத் திருத்திக்கொண்ட கதைதான்.

சரி, ரெங்கராஜுக்கே உடம்புக்கு வந்தால்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். போன வருஷம் கடைவாய்ப் பல் வலித்தபோது பொழுது விடிவதற்குள் பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்றார். ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. "நீவுசாமிகிட்ட போகலையா?" என்று கலைமதி கேட்டதற்கு, "சே, நம்ம கேஸ் அந்த அளவுக்கு முத்தலை" என்றார். பாருங்கள் நியாயத்தை. பல்வலிக்கு டாக்டர், உயிர் போகிற வியாதிக்கு நீவுசாமி. ஊரார் உடம்பு என்றால் எவ்வளவு தைரியம் வருகிறது மனிதனுக்கு!

இந்த நீவுசாமிதான் பச்சைமலைச் சாமி. துறையூர் போய், மலைக்கு எப்போதாவது வருகிற பஸ்ஸைப் பிடித்து ஏறிப் போக வேண்டும். நோவு உள்ள இடத்தைக் கையால் நீவிவிடுவார். ஒரே ஒரு நிபந்தனை: அவர் கை படுகிற உடம்பில் மாத்திரை, ஊசி எதுவும் இருக்கக் கூடாது. ரெங்கராஜ் அவரைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை மலைக்குப் போனார், அன்றைக்குச் சாமி எங்கோ போயிருந்தார். ஆனால் நீவுசாமியைப் பற்றி ரெங்கராஜிடம் இருந்த சாட்சியோ, அவர் வைத்திருந்த எல்லாவற்றிலும் உயர்ந்தது. இதோ:

"மண்ணச்சநல்லூர்ல ஒரு அம்மாங்க. சர்க்கரை. கால்ல புண்ணு. முட்டிக்குக் கீழ எடுத்தே ஆகணும்னுட்டாங்க. நீவுசாமிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஒரே மண்டலம். இன்னிக்கு அந்த அம்மா மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துட்டு, மூச்சு வாங்காம இறங்குது. டாக்டரே அசந்துட்டார். இதை நான் ஒருத்தர் சொல்லிக் கேட்கலைங்க. மூணு பேர், மூணு இடத்துல, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாம சொன்னாங்க!"

இந்தச் சாட்சியை அவர் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒரு ஓரமாக அவர் தங்கை அனுசுயா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அனுசுயா உறையூரில் தனியாக இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் காலம் தள்ளுகிறவள். அவளுக்குச் சர்க்கரை. வலது காலில் செருப்பு கடித்த இடம் ஆறாமல் புண்ணாகியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காதுகுத்துக்குப் போய் வந்த பிறகுதான் அண்ணனுக்கு போன் செய்தாள்.

"அண்ணே, என் கால்லயும் அதே மாதிரி புண்ணு. டாக்டர்கிட்ட போனா வெட்டணும்பாங்கன்னு பயந்து போகாம இருந்தேன். நல்லவேளை நீ சொன்னே. வெள்ளிக்கிழமை பச்சைமலைக்குக் கிளம்பறேன். ஊசியை இன்னிக்கே நிறுத்திட்டேன்."

ரெங்கராஜுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சொந்தத் தங்கையே தன் சாட்சியை நம்பிவிட்டாளே! "நம்பிக்கையோட போம்மா" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுண்ணே. அந்த மண்ணச்சநல்லூர் அம்மாவை ஒரு தடவை பார்க்கணும். அந்தக் காலை ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா எனக்குத் தைரியமா இருக்கும். கூட்டிட்டுப் போறியா?"

ரெங்கராஜ் போனை மறு காதுக்கு மாற்றினார். எத்தனையோ வருஷமாகச் சாட்சி சொல்கிறார். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், பஸ் ரூட் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலைக் காட்டுங்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை. "அதுக்கென்ன, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலைமதி முன்னால் வந்து நின்றாள். "சர்க்கரைக்காரி ஊசியை நிறுத்தலாமாங்க? அவ உங்களை நம்பித்தான் நிறுத்தியிருக்கா. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கற கதையை எல்லாம் அவகிட்ட ஏன் சொன்னீங்க?"

"கதையா? மூணு பேர் சொன்ன விஷயம். போய் அட்ரஸ் வாங்கிட்டு வரேன், அப்ப தெரியும் உனக்கு."

நிஜமாகவே வாங்கிவரலாம் என்றுதான் கிளம்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பொன்மலைச் சந்தையில் ஜூட் இருப்பார் என்று தெரியும். ஜூட், ரெங்கராஜோடு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர். மண்ணச்சநல்லூர் அம்மாவைப் பற்றி ரெங்கராஜுக்குச் சொன்னவர் அவர்தான். கையில் மீன் பையோடு ஜூட் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜூட், அந்த மண்ணச்சநல்லூர் அம்மா இருக்காங்கள்ல, அவங்க வீடு எங்க?"

"எந்த அம்மா? ஓ, அந்தக் காலு! எனக்கு எப்படி ரெங்கா தெரியும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரே ஜெகபர் சாதிக் பாய், அவர் சொன்னாரு."

"மண்ணச்சநல்லூர்னா சொன்னாரு?"

ஜூட் கொஞ்சம் யோசித்தார். "இல்லை, மணப்பாறைன்னாரு. நம்ம ஒர்க் ஷாப்ல பாதிப் பேர் மணப்பாறைக்காரன். மணப்பாறைன்னு சொன்னா உடனே ஒருத்தன், 'எங்க ஊர்ல யாரு அது?'ன்னு கேட்பான். எதுக்கு வம்புன்னு ஊரை மாத்திக்கிட்டேன்."

"அந்த அம்மா பேரு?"

"அம்மா இல்லை ரெங்கா, ஆம்பளை. அம்மான்னு சொன்னா கேட்கறவங்களுக்கு மனசு இளகும்ல?"

"காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்னது?"

"சர்க்கரைப் புண்ணுன்னா வேற என்ன சொல்வாங்க? விஷயம் உண்மைதான், விவரம்தான் கொஞ்சம் முன்னே பின்னே" என்று சொல்லிவிட்டு, ஜூட் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று கடைக்காரரை மூன்று முறை கேட்டார். வாசனையும் பிடித்துப் பார்த்தார்.

சந்தைச் சத்தத்துக்கு நடுவில் ரெங்கராஜுக்கு லேசாக வியர்த்தது. மூன்று சாட்சியில் ஒன்று இப்படி ஆகிவிட்டது. போகட்டும், பாய் இருக்கிறார். பாய் பொய் சொல்ல மாட்டார்.

மறுநாள் காலை பாய் கடை திறக்கும்போதே ரெங்கராஜ் வாசலில் நின்றார். ஜெகபர் சாதிக் ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீவுசாமிகிட்ட காலைக் காட்டிக் குணமான மணப்பாறைக்காரர், அவரை உங்களுக்கு யார் சொன்னது?"

பாய் சிரித்தார். "என்னண்ணே, விளையாடறீங்களா? நீங்கதானே சொன்னீங்க. மழைக்கு இங்க ஒதுங்கி நின்னீங்களே, அன்னிக்கு."

"நானா?"

"அல்லாஹ் அறிய நீங்கதாண்ணே. கால்ல ஆணி, நீவிவிட்டாங்க, சரியாப் போச்சுன்னு சொன்னீங்க. டாக்டர் அசந்துட்டார்னும் சொன்னீங்க. நான் ஜூட் சார்கிட்ட சொல்றப்ப புண்ணுன்னு சொன்னேன். ஆணின்னா யாருண்ணே நின்னு கேட்பாங்க? புண்ணு ஆறலைன்னா சர்க்கரைதானே, அதையும் ஒரு வார்த்தை சேர்த்தேன்."

"அப்புறம் நான் வந்து மண்ணச்சநல்லூர் அம்மான்னு சொன்னப்ப, 'நானும் கேள்விப்பட்டேன்'னீங்களே?"

"ஆமாண்ணே, கேள்விப்பட்டேன். உங்ககிட்டதான்."

ரெங்கராஜ் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர், மூன்று இடம், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லை. அந்த மூன்று பேரில் ஜூட்டும் பாயும் தம்மிடம் வாங்கியதைத் தமக்கே திருப்பித் தந்தவர்கள் என்றும், அதை வாங்கி வைத்துக்கொண்டு "பார்த்தீங்களா, ஊரே சொல்லுது" என்று பஸ் பஸ்ஸாகச் சாதித்திருக்கிறோம் என்றும் அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பாய் டீ சொன்னார். ரெங்கராஜ் குடிக்கவில்லை.

மூன்றில் மிச்சமிருந்த முதல் ஆளும் ஞாபகத்துக்கு வந்தார். துறையூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த மணப்பாறைக்காரர். "கால் ஆணிக்குச் சாமி நீவிவிட்டாருங்க, கொஞ்சம் தேவலாம் போல இருக்கு, புதுச் செருப்பும் வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. செருப்பு வாங்கியதை ரெங்கராஜ் அந்தப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். "கொஞ்சம் தேவலாம் போல" என்பதில் கொஞ்சத்தையும் போலவையும் கழற்றிப் போட்டது துறையூரிலா, வீட்டுக்கு வந்த பிறகா என்பதுதான் ஞாபகமில்லை. டாக்டர் எங்கே ஏறினார் என்பதும் ஞாபகமில்லை.

உறையூருக்கு ஆட்டோவில் போனார். அனுசுயா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சைமலைக்குப் போகப் பை தயாராக இருந்தது. புண்ணை மூடியிருந்த துணியை அவர் விலக்கச் சொன்னார். கடைசி இரண்டு விரலும் கறுத்திருந்தன. வாடை அடித்தது. போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த மனிதருக்கு இதைப் பார்க்கக் கேஜ் வேண்டியிருக்கவில்லை. நான்தானே, நான்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அனு, கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். மண்ணச்சநல்லூர்ல எந்த அம்மாவும் இல்லை. அது ஒரு ஆளுக்கு வந்த கால் ஆணி. செருப்பை மாத்தினாரு, சரியாப் போச்சு."

அனுசுயா அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "யாரோ உன்னைக் குழப்பிவிட்டிருக்காங்கண்ணே. அண்ணிதானே?"

"இல்லம்மா, நான் சொன்னது பொய்."

"நீ பொய் சொல்ல மாட்டே. ஜூட் அண்ணன் சொன்னதும் பொய்யா? பாய் சொன்னதும் பொய்யா? நீதானே சொன்னே, மூணு பேர் சொன்னாங்கன்னு." அவள் கண் கலங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்கண்ணே. காலில்லாம மிஷினை எதால மிதிப்பேன்? யார் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்?"

ரெங்கராஜ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைச் சொன்னார், ஊசியைச் சொன்னார், ஆணியை மறுபடி சொன்னார். உண்மை எவ்வளவு வறட்சியாக இருந்தது தெரியுமா? அதில் ஊர் இல்லை, அம்மா இல்லை, மலைக்கோட்டை இல்லை. அனுசுயா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆண்டாண்டு காலமாக வளர்த்த நம்பிக்கை அரைமணி நேரத்தில் போய்விடுமா? சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். இங்கே சாட்சிக்காரனே காலில் விழுந்தும் நடக்கவில்லை.

ரெங்கராஜ் எழுந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு பார்த்தேன் அனு. லால்குடியில ஒரு அம்மா. உன் மாதிரியே விரல் கறுத்துப்போச்சு. நீவுசாமிகிட்ட போனாங்க. சாமி பார்த்தாரு. கண்ணை மூடினாரு. 'இது என் கைக்கு அடங்காது. தில்லைநகர்ல ஒரு டாக்டரம்மா இருக்கு. நேரா அங்க போ. வழியில எங்கயும் நிக்காதே'ன்னு அனுப்பிட்டாரு. போனாங்க. காலு தப்பிச்சுது. அந்த அம்மா இன்னிக்கு..." ஒரு கணம் தயங்கினார். "தையல் மிஷின் மிதிக்குது. சாமியே அசந்துட்டார்!"

அனுசுயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாமியே அப்படிச் சொன்னாரா?"

"நானே முதல்ல நம்பலை" என்றார் ரெங்கராஜ்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருவரும் ஆட்டோவில் இருந்தார்கள்.

தில்லைநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ப்ரீத்தி காலைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். எதற்கும் அசரவில்லை. ரெங்கராஜ் தம் வாழ்க்கையில் நேரில் பார்த்த டாக்டர்களில் ஒருவர்கூட அசந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ரெண்டு விரலை எடுக்கணும்மா. பாதத்தைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன், ஆனா உறுதியா இப்பவே சொல்ல முடியாது. ஊசியை யார் நிறுத்தச் சொன்னாங்க?"

ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது பெயர் வரும் என்று காத்திருந்தார். அனுசுயா அண்ணனைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருங்க" என்றாள்.

டாக்டர் இன்னாரென்று கேட்கவில்லை. தினமும் கேட்கிற பெயர்தானே. ரெங்கராஜ் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

பாதம் தப்பித்தது. இரண்டு விரல் போயிற்று. தையல் பிரித்து, செருப்பு மாற்றி, புண் முழுக்க ஆறிய பிறகு மெதுவாக மிஷின் மிதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அனுசுயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வார்டில் இருந்த பெண்களுக்கெல்லாம் லால்குடி அம்மாவின் கதையைச் சொன்னாள். "சாமிக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க, தன்னால முடியாதுன்னு ஒத்துக்கிட்டு டாக்டரைக் கைகாட்டிவிட்டாரே!" நீவுசாமியின் புகழ் அந்த வார்டில் இரண்டு மடங்காகியது.

பக்கத்து வார்டில் கல்லீரல் கெட்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவர் மகள் பெலிண்டா வராந்தாவில் ரெங்கராஜைப் பிடித்துக்கொண்டாள். தூக்கமில்லாத கண். "அங்கிள், உங்க தங்கச்சி சொன்னாங்க. அந்தச் சாமிகிட்ட எங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா? பஸ் எங்க ஏறணும்? கல்லீரலுக்குப் பார்ப்பாரா?"

ஒரு சாட்சிக்காரர் வாழ்க்கையில் இதைவிட இனிமையான கேள்வி கிடையாது. ரெங்கராஜின் நாக்கு நுனியில் பெரம்பலூர் பெரிய அதிகாரி ஒருவர், கல்லீரலோடு, தயாராக வந்து நின்றார். ரெங்கராஜ் அவரை விழுங்கினார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த வார்த்தை வருவதற்குள் அவருக்குப் பல் பிடுங்கியதுபோல இருந்தது. "அந்த லால்குடி அம்மா நான் கட்டிவிட்ட கதை. எனக்குத் தெரிஞ்சு அந்தச் சாமிகிட்ட போன ஒரே ஆளுக்குக் கால் ஆணி. அவரும் கொஞ்சம் தேவலாம்னுதான் சொன்னாரு. புதுச் செருப்பு வேற வாங்கியிருந்தாரு. நீ இந்த டாக்டரையே கேளு."

பெலிண்டா அவரைப் பார்த்த பார்வையில், பஸ் ரூட்டை ஒளிக்கிற மனிதர்மேல் வருகிற கோபம் இருந்தது. அவள் திரும்பினாள். காலி பெஞ்சில் உட்கார்ந்து இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த வேறொருவர், யாரையோ பார்க்க வந்தவர், இரக்கத்தோடு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அவரு கிடக்கிறாரும்மா. நீவுசாமியைப் பத்தி எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் மூடநம்பிக்கை பிடிச்சவன் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க, உறையூர்ல ஒரு அம்மா. அஞ்சு விரலும் அழுகிப்போச்சு..."

அந்த உறையூர் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில்மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நாலு அடி வைத்தால் காலையே பார்த்துவிடலாம். பெலிண்டா எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில் அசந்துவிடுவார் என்று ரெங்கராஜுக்குத் தெரிந்தது. அவர் போய்ப் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, "அஞ்சு இல்லைங்க" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. மறுபடியும் சொன்னார்.

இனி உங்களிடம் வருகிறேன். ரெங்கராஜைப் பார்த்துச் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டீர்கள். இருக்கட்டும். இவ்வளவு நேரம் படித்தீர்களே, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தெரு, அனுசுயாவை நான் பார்த்தேனா, எனக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டீர்களா? கேட்காமலேயே நம்பிவிட்டீர்கள். நாளைக்கு மூடநம்பிக்கையைப் பற்றி எங்காவது பேச்சு வரும், உங்களுக்கும் சொல்வதற்கு ஒன்று வேண்டும், "திருச்சியில ஒரு ரயில்வேக்காரர், அவர் தங்கச்சி காலு..." என்று தொடங்குவீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்தது இரண்டு விரல்தான். நீங்கள் சொல்லும்போதும் அது இரண்டாகவே இருக்கட்டும்.